உறை ஊற்றிய கடல்

"கல் உப்பையே கரைச்சு ஊத்தினா ஆகாதாண்ணே?"

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசை கட்டி நிற்கும் தெருவில், கையில் சொற்பப் பணத்தோடு கடல்மீன் வளர்க்க ஆசைப்படும் எந்தப் பையனும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். எதிரே ஒரு பிளாஸ்டிக் வாளியில் கடல் தொட்டிக்கான உப்புக் கலவை இருக்கும். அதன் விலையைப் பார்த்தவுடன் மளிகைக் கடை உப்பு மூட்டை அவன் ஞாபகத்துக்கு வந்துவிடும். இரண்டும் வெள்ளை, இரண்டும் கரிக்கும். அப்புறம் ஏன் இத்தனை மடங்கு விலை?

கேள்வியில் தவறில்லை. கடல்நீர்த் தொட்டியில் எதற்குக் கட்டாயம் செலவழிக்க வேண்டும், எதைக் காசில்லாமல் செய்துகொள்ளலாம் என்பதை அறிவியல் தெளிவாகவே சொல்கிறது. அதைக் கேட்காமல் கடைக்குப் போனால் தேவையில்லாததை வாங்கிவிட்டு, தேவையானதை விட்டுவிட்டு வருவோம்.

உப்பளம் சொல்லும் பதில்

அந்தப் பையனுக்கான பதில் தூத்துக்குடி உப்பளத்தில் இருக்கிறது. பாத்தியில் கட்டிய கடல்நீர் வெயிலில் சுண்டும்போது, அதிலுள்ள உப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் கால்சியம் கார்பனேட் என்கிற சுண்ணாம்பு. அடுத்து ஜிப்சம். நீர் இன்னும் சுண்டிய பிறகே சோடியம் குளோரைடு, அதாவது நம் சமையல் உப்பு, விளைகிறது. அப்போதும் மக்னீசியமும் பொட்டாசியமும் படியாமல் மிச்ச நீரிலேயே நிற்கும். கசக்கும் அந்த நீரை வடித்துவிடுவார்கள். வடிக்காவிட்டால் உப்பு கசக்கும், மழைக்காலத்தில் நீர்த்துப்போகும்.

ஆக, நல்ல சமையல் உப்பு என்பது கடலிலிருந்து மற்ற எல்லாவற்றையும் கழித்த பிறகு கிடைப்பது. மீனுக்கோ கழித்ததெல்லாம் சேர்த்தே வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் 27 கிராம் அளவுக்குச் சமையல் உப்பு. மீதி எட்டு கிராமில் மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் அடக்கம். இதில் பைகார்பனேட்தான் நீரின் காரத்தன்மையை 8.1 முதல் 8.3 வரையிலான பி.எச். அளவில் பிடித்து நிறுத்துகிறது. கல் உப்புக் கரைசலில் அந்தப் பிடிமானமே கிடையாது.

இந்தச் சமையல் குறிப்பு உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றே. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் பகுத்துப் பார்த்து, 1884-இல் முடிவை வெளியிட்டார். ஓரிடத்தில் உப்பு கூடலாம், ஓரிடத்தில் குறையலாம். ஆனால் முக்கியமான உப்புகள் ஒன்றுக்கொன்று கலந்திருக்கும் விகிதம் மாறுவதில்லை. அதனால்தான் ஒரு தொழிற்சாலை அதே விகிதத்தில் கலவை செய்து வாளியில் அடைத்து விற்க முடிகிறது. இந்த வாளியில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

கடலோரத்தில் இருப்பவர்கள் கடல்நீரையே கொண்டுவரலாம். ஆனால் கூவமும் அடையாறும் கலக்கும் கரையில் குடம் முக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று வெள்ளம் கலந்து கரையோர நீரின் உப்பே குறைந்துவிடும். கரையை விட்டு நன்றாகத் தள்ளிப் போகும் படகுக்காரர் யாராவது தெரிந்தவராக இருந்தால், அவரிடம் கேன் கொடுத்தனுப்பலாம். வந்த நீரைத் துணியில் வடிகட்டி, இரண்டு வாரம் இருட்டில் மூடிவைத்து, உப்பளவு பார்த்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

உப்பளவு பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவி இருக்கிறது. மிதவை வைத்த ஹைட்ரோமீட்டர் அதைவிட மலிவு, ஆனால் சில சமயம் பொய் சொல்லும். அதைச் சரிபார்க்கச் சமையலறைத் தராசு போதும். ஒரு லிட்டர் பாட்டிலில் விளிம்புவரை குடிநீர் நிரப்பி எடை பாருங்கள். அதே பாட்டிலில், அதே விளிம்புவரை, அதே வெப்பநிலையில் உள்ள கடல்நீரை நிரப்பி எடை பாருங்கள். நீங்கள் கலந்தது சரியென்றால் இரண்டாவது சுமார் 26 கிராம் கூடுதலாக இருக்கும்.

கலக்குவதற்குக் குழாய்த் தண்ணீரோ ஆழ்துளைக் கிணற்று நீரோ வேண்டாம். முதலாவதில் குளோரின், இரண்டாவதில் என்னென்ன உப்புகள் என்பது அந்தத் தெருவுக்கே வெளிச்சம். வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் நல்லது.

அகலமான தொட்டி, குறைந்த கண்ணாடி

சின்னத் தொட்டி மலிவு என்பது கண்ணாடி வாங்கும் அன்றைக்கு மட்டும்தான் உண்மை. தொட்டியிலிருந்து தினமும் நீர் ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. 20 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் நீர் போனால் லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 36.8 கிராமாக ஏறிவிடும். 65 லிட்டர் தொட்டியில் அதே ஒரு லிட்டர் போனால் 35.5 கிராம்தான்.

இந்த வித்தியாசம் மீனுக்கு ஏன் பெரிய விஷயம்? கடல்மீனின் இரத்தம் கடல்நீரைப்போல மூன்றில் ஒரு பங்குதான் உப்பானது. அதனால் சுற்றியுள்ள கடல் அதன் உடம்பிலிருந்து நீரை இடைவிடாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. நீருக்குள்ளேயே வாழ்ந்தாலும் கடல்மீன் தாகத்தில்தான் வாழ்கிறது. ஈடுகட்ட அது கடல்நீரைக் குடிக்கிறது; கூட வந்த உப்பைச் செவுள்களிலுள்ள தனிச் செல்கள் வழியே வெளியே தள்ளுகிறது. உப்பு திடீரென்று ஏறினால் அந்தச் செல்களுக்கு ஓய்வே இல்லை. ஆவியான அளவுக்குத் தினமும் நல்ல தண்ணீரை, உப்புக் கலக்காத தண்ணீரை, ஊற்றி நிரப்ப வேண்டும். தொட்டியின் பக்கத்தில் ஒரு கோடு போட்டுவைத்து, நீர் அதற்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது காசே இல்லாத கருவி.

இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரம் என்று தொட்டி செய்யச் சொல்லுங்கள். கடையில் பெரும்பாலும் ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரத்தையே காட்டுவார்கள். பார்க்க எடுப்பாக இருக்கும். இரண்டின் கொள்ளளவும் மூன்று கன அடி, அதாவது 85 லிட்டர். ஆனால் தாழ்வான தொட்டிக்குப் பத்துச் சதுர அடி கண்ணாடி போதும். உயரமானதற்குப் பதினொன்று வேண்டும். நீரின் உயரம் குறைவதால் கண்ணாடியைத் தள்ளும் அழுத்தமும் குறைவு. காற்றோடு உறவாடும் நீர்ப்பரப்போ இரண்டு சதுர அடிக்குப் பதில் மூன்று. மேலே இரண்டு அங்குலம் இடம் விட்டு, கல்லும் அடுக்கியது போக, இந்தத் தொட்டியில் சுமார் 65 லிட்டர் நீர் நிற்கும். அதற்கு இரண்டேகால் கிலோ உப்பு.

பாலுக்கு ஓர் இரவு, தொட்டிக்கு ஒரு மாதம்

தொட்டி வந்தாயிற்று, நீர் ஊற்றியாயிற்று, உப்பளவும் சரி. கண்ணாடிபோலத் தெளிந்த நீர். இப்போது மீன் விட்டால் என்ன?

விட்டுப் பார்த்தவன் நான். என் முதல் தொட்டியில் பத்தாவது நாளே இரண்டு மீன்களை விட்டேன். நான்காம் நாள் ஒன்று மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது. ஆறாம் நாள் தொட்டியில் மீன் இல்லை. நீர் அப்போதும் கண்ணாடிபோலத்தான் இருந்தது.

கொன்றது அம்மோனியா. மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அம்மோனியாவாகிறது. நீரில் அது இரண்டு உருவில் இருக்கும். ஒன்று அதிகம் கெடுதல் செய்யாத அம்மோனியம். மற்றொன்று செவுளைத் துளைத்து உள்ளே போகும் நச்சு அம்மோனியா. எது எவ்வளவு என்பதை பி.எச். தீர்மானிக்கிறது. பி.எச். 7 உள்ள நன்னீர்த் தொட்டியில் நச்சு உருவம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. பி.எச். 8.2 உள்ள கடல்நீரில் அந்தப் பங்கு சுமார் பத்து மடங்காகிவிடும். தங்கமீன் தொட்டியில் தப்பிக்கும் தவறு கடல் தொட்டியில் தப்பாது.

இந்த நச்சைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து நைட்ரைட் ஆக்கும் கூட்டம் ஒன்று; நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும் கூட்டம் இன்னொன்று. மண்ணில் நடக்கும் இந்த வேலையை நுண்ணுயிர்களே செய்கின்றன என்பதை 1890 வாக்கில் ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி அவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். வயலில் உரத்தை மாற்றித் தருவதும் தொட்டியில் மீனைக் காப்பதும் ஒரே குலத்தின் தொழில்தான். நைட்ரேட்டின் நச்சு மிகக் குறைவு. அதை வாரம் ஒருமுறை நீர் மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம்.

தொட்டி தயாராவது என்றால் இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் ஸ்பாஞ்சிலும் படலமாகக் குடியேறுவதுதான். நம் வீட்டுச் சமையலறையில் இதற்கு நல்ல உவமை இருக்கிறது: பாலுக்கு உறை ஊற்றுவது. ஆனால் வேகத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தயிர் ஆக்கும் பாக்டீரியாவுக்குப் பால் விருந்து. மணிக்கணக்கில் பல்கிப் பெருகி, விடிவதற்குள் உறையவைத்துவிடும். அம்மோனியாவை உண்பவற்றுக்கோ ஒவ்வொரு கவளத்திலும் கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு. இரட்டிப்பாகவே அரை நாளுக்கும் மேலாகும். அதனால்தான் ஒரு தொட்டி உறைய நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. கல், மணல், ஸ்பாஞ்ச் ஃபில்ட்டர் எல்லாம் வைத்து ஓடவிடுங்கள். உரித்த இறால் துண்டு ஒன்றைத் துணியில் முடிந்து போடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கடல் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அழுக்கேறிய ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதுதான் உறைமோர். கடையில் விற்கும் பாக்டீரியா பாட்டிலைவிட அந்த அழுக்கை நான் நம்புவேன். டெஸ்ட் கிட்டில் முதலில் அம்மோனியா ஏறும், பிறகு இறங்கும். நைட்ரைட் ஏறும், அதுவும் இறங்கும். இரண்டும் பூச்சியத்தில் நின்று நைட்ரேட் மட்டும் தெரிந்தால் உறைந்துவிட்டது என்று பொருள். அதுவரை மீன் கிடையாது. டெஸ்ட் கிட், உப்புக்கு அடுத்து, தயங்காமல் வாங்க வேண்டிய இரண்டாவது பொருள்.

பவளக்கல் வேண்டாம்

பாக்டீரியா குடியேறத் துளைகள் நிறைந்த கல் வேண்டும். 1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், விலையுயர்ந்த வடிகட்டி எதுவுமில்லாமல், பவளத்திட்டிலிருந்து எடுத்த உயிருள்ள கல், காற்றுக் குமிழ், வெளிச்சம் ஆகியவற்றை மட்டும் வைத்துக் கடல் தொட்டி நடத்தும் முறையை எழுதினார். உலகம் பின்னால்தான் அதன் அருமையை உணர்ந்தது. இன்று "லைவ் ராக்" என்று சொல்வது அதைத்தான்.

நம் ஊரில் அதைச் செய்யக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் 2001 முதல் பவளங்களும் கடல்குதிரைகளும் இருக்கின்றன. எடுப்பது, விற்பது, வைத்திருப்பது எல்லாமே குற்றம். சட்டத்தை விடுங்கள், மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்த 21 தீவுகளில் இரண்டு இப்போது நீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல காலம் பவளத்தை வெட்டியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அலையைத் தடுத்த வேலியைப் பிடுங்கினால் தோட்டம் என்னவாகும்?

பாக்டீரியாவுக்கு முகவரி முக்கியமில்லை, பரப்புதான் முக்கியம். துளையுள்ள பீங்கான் வளையங்கள், கரடுமுரடான செயற்கைக் கற்கள் போதும். சிமெண்டில் கிளிஞ்சல் தூள் கலந்து நீங்களே கல் வார்க்கலாம். ஆனால் புதுச் சிமெண்ட் நீரின் பி.எச்.ஐத் தூக்கிவிடும், பல வாரங்கள் நல்ல நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, பி.எச். ஏறுவது நின்ற பிறகே தொட்டிக்குள் வைக்க வேண்டும். இங்கும் காசுக்குப் பதில் நாட்களைக் கொடுக்கிறோம்.

ஆற்றிய நீர், குளிர்ந்த நீர்

1846-இல் லண்டனில் அன்னா தின் என்ற பெண்மணி உயிருள்ள பவளங்களை வீட்டில் வைத்திருந்தார். கடல் பல மைல்களுக்கு அப்பால். நீரைப் புதிதாக வைக்க, வீட்டுப் பணிப்பெண் திறந்த சன்னலோரம் நின்று அதை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி ஊற்றி எடுப்பாராம். நம் டீக்கடையில் ஆற்றுவதேதான். உலகின் முதல் ஏர் பம்ப்களில் ஒன்று அந்தப் பணிப்பெண்ணின் கைகள்.

உப்பு கரைந்த நீரில் ஆக்சிஜனுக்கு இடம் குறைவு. 28 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏந்தும், கடல்நீர் 6.4 மட்டும்தான். வெப்பம் ஏற ஏற இன்னும் குறையும். ஆகவே நீர்ப்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன பவர்ஹெட்டும், ஸ்பாஞ்ச் ஃபில்ட்டரை இயக்கும் ஏர் பம்பும் அவசியம். ஸ்கிம்மர் என்ற கருவி, புயலுக்குப் பின் கடற்கரையில் நுரை ஒதுங்குவதுபோல, கழிவை நுரையில் ஏற்றி வெளியேற்றும். நல்ல கருவிதான். ஆனால் இரண்டு மீன் வாழும் 65 லிட்டர் தொட்டியில் வாரம் ஆறேழு லிட்டர் நீர் மாற்றினால் அந்தச் செலவைத் தள்ளிப்போடலாம். மாற்று நீருக்கு மாதம் ஒரு கிலோ உப்பு ஆகும். இது நிரந்தரச் செலவு. தொடங்கும்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்நாட்டுக்காரர்கள் தொட்டிக்கு ஹீட்டர் வாங்க வேண்டும். சென்னையில் அது மிச்சம். நம் பிரச்சினை சித்திரை வெயில். 25 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டிய நீர் கத்திரியில் 33-ஐத் தொட்டுவிடும். சில்லர் வாங்கினால் தொட்டியைவிட அதற்குத்தான் அதிகம் ஆகும். மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் சேர்த்து எடுத்துச்செல்கிறது. 65 லிட்டர் நீரை ஒரு டிகிரி குளிர்விக்க, அதிலிருந்து சுமார் 110 மில்லிலிட்டர் ஆவியானால் போதும். அரை டம்ளர்! தொட்டி மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின்மேல் சின்ன மேசை விசிறி ஒன்றை ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடற்காற்றில் ஈரம் கூடிய நாட்களில் பலன் குறையும். ஆவியான நீரை நிரப்ப மறந்தால் உப்பு ஏறும். அந்தக் கோட்டை அடிக்கடி பாருங்கள்.

மின்வெட்டுக்கும் ஒரு வழி வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்ப் ஒன்றை அலமாரியில் வைத்திருங்கள். அதுவும் இல்லாத இரவில், ஒரு சொம்பு எடுத்து, அன்னா தின் வீட்டுப் பணிப்பெண் செய்ததைச் செய்யுங்கள்.

யாரைக் குடிவைப்பது?

2003-இல் வந்த "ஃபைண்டிங் நீமோ" படத்தால் எல்லாருக்கும் தெரிந்த கோமாளி மீன்தான் முதல் தொட்டிக்குப் பொருத்தம். காரணம் அழகு அல்ல, குணம். கடலிலேயே அது ஒரு கடல்சாமந்தியைச் சுற்றிச் சில அடிக்குள் காலம் கழிக்கும் மீன். தொட்டியில் கடல்சாமந்தி இல்லாமலும் நன்றாக வாழும். ஆகவே அதற்கான விலையுயர்ந்த விளக்கும் வேண்டாம்.

இன்னொரு காரணம் பிறப்பு. பெரும்பாலான பவளத்திட்டு மீன்கள் முட்டையைக் கடலில் மிதக்கவிட்டுவிடும். பொடிக் குஞ்சுகளைத் தொட்டியில் காப்பாற்றுவது கடினம். கோமாளி மீன் முட்டைகளைக் கல்லில் ஒட்டிவைக்கும். ஆண்மீன் ஒரு வாரம்போலக் காவல் காத்து, துடுப்பால் விசிறிப் பொரிக்கவைக்கும். அதனால் பண்ணையில் வளர்ப்பது சாத்தியமாகிறது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் இந்த மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறது. கடைக்காரரிடம் "பண்ணை மீனா, கடலில் பிடித்ததா?" என்று கேட்டு வாங்குங்கள். பண்ணை மீன் தொட்டிக்கும் தீனிக்கும் பழகியது. பவளத்திட்டிலிருந்து ஒரு மீனைக் குறைக்காதது.

சின்னதாக இரண்டு வாங்கினால் போதும். எல்லாக் கோமாளி மீனும் ஆணாகவே வாழ்க்கையைத் தொடங்கும். இரண்டில் மேலாதிக்கம் பெறுவது பெண்ணாக மாறும். சோடி தேடும் செலவும் மிச்சம். மலிவு என்று டாம்செல் மீன்களை அள்ளிக்கொண்டு வராதீர்கள். ஒற்றை டாம்செல் தொட்டி முழுவதற்கும் தனக்கே பட்டா என்று நினைத்துக்கொள்ளும். அதே படத்தில் வந்த நீல நிற "டோரி" ஓர் அடி வளரக்கூடியது. இந்தத் தொட்டி அதற்குச் சிறை.

கடைசியாகக் கணக்கு. உப்புக் கலவை, டெஸ்ட் கிட், பவர்ஹெட், ஏர் பம்ப் இந்த நான்குக்கும் காசு கொடுங்கள். ஹீட்டர், சில்லர், ஸ்கிம்மர், ஆடம்பர விளக்கு எதுவும் முதல் வருடத்துக்குத் தேவையில்லை. மீன் வாங்க வைத்திருக்கும் பணத்தைத் தொட்டி உறையும்வரை பையிலேயே வைத்திருங்கள். அந்த ஒரு மாதம் வெறும் கல்லையும் நீரையும் பார்த்துக்கொண்டிருப்பது வீட்டிலுள்ளவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். சிரிக்கட்டும். பால் உறைகிறதா என்று பாத்திரத்தை ஆட்டி ஆட்டிப் பார்ப்பவருக்குத் தயிர் கிடைப்பதில்லை.